கேப் பெரிதா, பெட் நீளமா: பிக்கப் டிரக் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

அமெரிக்காவில் முதல்முறையாகப் பிக்கப் டிரக் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் பேசும்போது எஞ்சினில்தான் தொடங்குவார்கள். ஆறு சிலிண்டர் போதுமா, எட்டு வேண்டுமா, ஃபோர்டா டொயோட்டாவா, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி தேவையா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் வாங்கி ஆறு மாதம் ஓட்டிய பிறகு அதே ஆட்கள் சொல்லும் குறை வேறாக இருக்கும். பின் சீட்டில் பிள்ளைக்கு முட்டி இடிக்கிறது, கராஜ் கதவு மூடவில்லை, கடையில் வாங்கிய பலகை பாதி வெளியே தொங்குகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: கேப் எந்த அளவு, பெட் எவ்வளவு நீளம் என்பதை உட்கார்ந்து யோசிக்காமல் வண்டியின் தோற்றத்தையும் மாதத் தவணையையும் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். கேப் என்றால் ஆட்கள் உட்காரும் கூடு. பெட் என்றால் அதற்குப் பின்னால் மேலே திறந்து கிடக்கும் சரக்குத் தொட்டி. பெட்டின் பின்பக்கம் கீழே மடங்கித் திறக்கும் கதவுக்கு டெயில்கேட் என்று பெயர். நம் ஊர்க் குட்டி யானையில் டிரைவருக்கும் பக்கத்தில் ஒருவருக்கும் இடம், மீதியெல்லாம் சரக்குக்கு, அதனால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. அமெரிக்க பிக்கப்போ காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சனிக்கிழமை மண்ணும் மரமும் சுமந்து, விடுமுறையில் டிரெய்லரை இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரே வண்டி இத்தனையும் செய்ய வேண்டும் என்றால் எதற்கு எவ்வளவு இடம் என்று பங்கு பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அந்தப் பங்கீட்டைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2021-இல் வந்த ஃபோர்டு எஃப்-150 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சூப்பர்கேப் என்ற நடுத்தரக் கேப்புடன் ஆறரை அடி பெட் போட்ட வண்டியின் மொத்த நீளம் 231.7 இன்ச். சூப்பர்க்ரூ என்ற பெரிய கேப்புடன் ஐந்தரை அடி பெட் போட்ட வண்டியின் நீளமும் அதே 231.7 இன்ச். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் 145.4 இன்ச். அதாவது வண்டியின் நீளம் ஒன்றுதான், உள்ளே கோடு எங்கே விழுகிறது என்பதுதான் வித்தியாசம். பெட்டில் ஓர் அடி குறைத்தார்கள், அந்த ஓர் அடி பின் சீட்டுக்குப் போனது. டொயோட்டா டன்ட்ராவிலும் இதே கதை: டபுள் கேப் என்ற நடுத்தரக் கேப்புடன் ஆறரை அடி பெட், க்ரூமேக்ஸ் என்ற பெரிய கேப்புடன் ஐந்தரை அடி பெட், இரண்டும் 233.6 இன்ச். செவ்ரலே சில்வராடோ 1500-இலும் நடுத்தரக் கேப், நடுத்தர பெட் வண்டிக்கும் பெரிய கேப், குட்டை பெட் வண்டிக்கும் சக்கர இடைவெளி ஒன்றே.

இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் மீதியெல்லாம் எளிது. கேப்பும் பெட்டும் ஒரே சட்டத்தின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் இரண்டு பெட்டிகள், நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருப்பதை வண்டியின் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும். ஒன்றைப் பெரிதாக்க வேண்டுமென்றால் மற்றதைச் சின்னதாக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்த வண்டியும் நீள வேண்டும். நீண்டால் அதற்கான விலையைக் கராஜிலும் பார்க்கிங்கிலும் திருப்பத்திலும் கொடுக்க வேண்டும்.

இனி கேப் வகைகள். மூன்றுதான். முதலாவது ரெகுலர் கேப்: இரண்டு கதவு, ஒரே வரிசை சீட், இரண்டு அல்லது நெருங்கி உட்கார்ந்தால் மூன்று பேர். இரண்டாவது நீட்டிய கேப்: முன் சீட்டுக்குப் பின்னால் இன்னொரு சின்ன வரிசை, அதற்கு இரண்டு சின்னக் கதவுகள். மூன்றாவது க்ரூ கேப்: நான்கு முழுக் கதவு, பின்னால் மூன்று பெரியவர்கள் காரில் உட்காருவதுபோல் உட்காரலாம்.

இந்த மூன்றும் ஒரே நாளில் வந்தவை அல்ல. பல காலம் பிக்கப் என்றாலே ஒற்றை வரிசைதான், பண்ணைக்கும் பட்டறைக்கும் ஓடிய வண்டி. 1957-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் டிராவலெட் என்ற பெயரில் ஆறு பேர் உட்காரக்கூடிய பிக்கப்பைக் கொண்டுவந்தது, அதில் மூன்று கதவுகள்தான் இருந்தன. 1973-இல் டாட்ஜ் கிளப் கேப் என்று முன் சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கூட்டிய கேப்பை விற்றது, அடுத்த ஆண்டே ஃபோர்டு தன் சூப்பர்கேப்பை இறக்கியது. 1977-இல் நிஸானின் அன்றைய பிராண்டான டாட்ஸன் அதையே சின்ன பிக்கப்பில் செய்து கிங் கேப் என்றது. எஃப்-150-க்கு நான்கு முழுக் கதவு வந்தது 2001 மாடலில்தான். பிக்கப் குடும்ப வண்டியாக மாறியதன் தடம் இந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

பெயர் என்றவுடன் ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய பெயரை வைத்திருப்பதால் விளம்பரத்தைப் படித்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஃபோர்டில் சூப்பர்கேப் நடுத்தரம், சூப்பர்க்ரூ பெரியது. செவ்ரலேயிலும் ஜிஎம்சியிலும் டபுள் கேப் நடுத்தரம், க்ரூ கேப் பெரியது. ராம் என்ற பிராண்டில் குவாட் கேப் நடுத்தரம், க்ரூ கேப் பெரியது, அதற்கும் மேலே மெகா கேப் என்று ஒன்று கனரக வரிசையில் இருக்கிறது. டொயோட்டாதான் நிறையப் பேரைக் குழப்புவது: டன்ட்ராவில் டபுள் கேப் என்றால் சின்ன பின் சீட், ஆனால் அதே நிறுவனத்தின் டகோமாவில் டபுள் கேப் என்றால் அதுதான் பெரிய கேப். நிஸானின் கிங் கேப் பெயரில்தான் ராஜா, பின்னால் இருப்பது மடக்கு சீட். ஆகவே பெயரை விடுங்கள், பின் சீட்டில் கால் நீட்ட எத்தனை இன்ச் என்று மட்டும் கேளுங்கள்.

அந்த எண்கள் எவ்வளவு பேசுகின்றன என்று பாருங்கள். எஃப்-150 சூப்பர்கேப்பில் பின் சீட்டுக் கால் இடம் 33.5 இன்ச், சூப்பர்க்ரூவில் 43.6. டன்ட்ரா டபுள் கேப்பில் 33.3, க்ரூமேக்ஸில் 41.6. ஏறத்தாழ எட்டு முதல் பத்து இன்ச் வித்தியாசம். 33 இன்ச்சில் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் உட்காரலாம், ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோ வரை மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் பாவம். 43 இன்ச்சில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டே வரலாம்.

கால் இடத்தை விட முக்கியமானது ஒன்று உண்டு, அதைப் பிள்ளை பெற்ற பிறகுதான் பலரும் யோசிக்கிறார்கள். கைக்குழந்தையின் சீட்டைப் பின்னோக்கிப் பார்த்தபடி மாட்ட வேண்டும். அந்தச் சீட் முன்பின்னாக நிறைய இடம் எடுக்கும், முன் சீட்டை முன்னால் தள்ளித்தான் பொருத்த முடியும் என்ற நிலை நீட்டிய கேப்பில் சாதாரணம். முன்னால் உட்காருபவரின் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும். அப்புறம் கதவு. எஃப்-150 சூப்பர்கேப்பிலும் நிஸான் ஃப்ரான்டியர் கிங் கேப்பிலும் பின் கதவின் கீல் பின்பக்கம் இருக்கிறது, முன் கதவைத் திறந்தால்தான் அது திறக்கும். கடை வாசலில் பக்கத்து வண்டி ஒட்டி நிற்கும்போது இரண்டு கதவையும் எதிரெதிராகத் திறந்து, நடுவில் நின்றுகொண்டு குழந்தையை பெல்ட்டில் மாட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சில்வராடோவின் டபுள் கேப், ராம் குவாட் கேப், டன்ட்ரா டபுள் கேப் ஆகியவற்றில் பின் கதவு சாதாரணக் கார்க் கதவு மாதிரியே தனியாகத் திறக்கும். நீட்டிய கேப்தான் வேண்டும் என்றால் இந்த வித்தியாசத்தைக் கவனித்து வாங்குங்கள்.

என் முதல் டிரக் பழைய ரெகுலர் கேப், எட்டு அடி பெட். தனி ஆளாக இருந்தபோது அதைவிடச் சிறந்த வண்டி இல்லை என்று நினைத்தேன், இன்றும் வேலைக்கு அதுதான் சிறந்தது என்று சொல்வேன். மகள் பிறக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் விற்றேன். பின்னோக்கிய குழந்தை சீட்டை இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் வைக்கவே கூடாது, ரெகுலர் கேப்பிலோ அதை வைக்க வேறு இடமே இல்லை. ஏர்பேக்கை அணைக்கும் சாவி சில ரெகுலர் கேப்களில் உண்டு, ஆனால் நாள்தோறும் அதை நினைவு வைத்துத் திருப்ப வேண்டிய நிலையில் ஒரு குழந்தையின் உயிரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

க்ரூ கேப்பின் பின் இடம் ஆட்களுக்கு மட்டும் அல்ல. சீட்டின் அடிப்பாகத்தை மேலே மடக்கினால் பூட்டிய, மழை படாத ஒரு சரக்கறை கிடைக்கிறது. மளிகைப் பை, லேப்டாப், புது டிவி பெட்டி எல்லாவற்றையும் அங்கே வைக்கலாம். பெட்டில் வைத்தால் வெயில், மழை, திருட்டு எல்லாவற்றுக்கும் திறந்து கிடக்கும், மூடி போட்டால்தான் தப்பும். "நான் தனி ஆள், எனக்கு எதற்குப் பின் சீட்" என்பவர்களுக்கும் நீட்டிய கேப் பிடித்துப்போவது இதனால்தான், கருவிகளை வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம். டொயோட்டா இதைப் புரிந்துகொண்டு 2024 டகோமாவின் எக்ஸ்ட்ராகேப்பில் பின் சீட்டையே எடுத்துவிட்டுப் பொருள் வைக்கும் இடமாக மாற்றிவிட்டது.

இப்போது பெட். பெரிய டிரக்குகளில் மூன்று நீளம்: சுமார் ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி. எஃப்-150-இல் உள்ளே அளந்தால் 67.1, 78.9, 97.6 இன்ச். சில்வராடோவில் 69.9, 79.4, 98.2. பழைய வண்டி விளம்பரங்களில் ஷார்ட் பெட் என்று எழுதியிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், முன்பெல்லாம் ஆறரை அடியைத்தான் ஷார்ட் என்பார்கள், ஐந்தரை அடி வந்த பிறகு பலர் அதையும் ஷார்ட் என்கிறார்கள். இன்ச்சில் எவ்வளவு என்று கேட்டுவிடுவது நல்லது.

பெட் அளவை யோசிக்க நான் எப்போதும் ஒரு பொருளை வைத்துத்தான் யோசிப்பேன், பிளைவுட். அமெரிக்காவில் பிளைவுட்டும் சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகையும் பெரும்பாலும் 4 அடி அகலம், 8 அடி நீளம். பெரிய டிரக்கின் பெட்டில் சக்கரத்துக்கு மேல் புடைத்திருக்கும் இரண்டு மேடுகளுக்கு நடுவே இடைவெளி ஏறத்தாழ 50 இன்ச், எஃப்-150-இல் 50.6. நான்கு அடி என்பது 48 இன்ச், ஆக பலகை தட்டையாகத் தரையில் படுத்துக்கொள்ளும். நீளத்துக்கு வருவோம். எட்டு அடி பெட்டில் டெயில்கேட்டை மூடிவிட்டே போகலாம். ஆறரை அடி பெட்டில் டெயில்கேட்டைக் கீழே இறக்கினால் அது இன்னும் இரண்டு அடி தாங்கும், மொத்தம் எட்டரை அடி, பலகை முழுதும் தாங்கலில் இருக்கும். ஐந்தரை அடி பெட்டில் டெயில்கேட்டை இறக்கினாலும் ஏழரை அடிதான், அரை அடி வெளியே நிற்கும். பட்டை போட்டு நன்றாகக் கட்டினால் அதுவும் வீடு வந்து சேரும். ஆக ஐந்தரை அடியில் பிளைவுட் கொண்டுவரவே முடியாது என்பது தவறான பேச்சு. மாதம் இரண்டு முறை என்றால் ஐந்தரை அடி போதும், தினமும் என்றால் எட்டு அடி வாங்குங்கள்.

நீளமான மரத்துண்டுகளில்தான் குட்டை பெட் திணறும். 12 அடி மரத்தை ஐந்தரை அடி பெட்டில் டெயில்கேட் இறக்கி வைத்தால் பின்னால் நாலரை அடி வெளியே நிற்கும், ஆறரை அடி பெட்டில் மூன்றரை அடி. டெக்ஸாஸிலும் கலிஃபோர்னியாவிலும் சரக்கு பின்னால் 4 அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புத் துணியும் இருட்டிய பின் சிவப்பு விளக்கும் கட்ட வேண்டும். அந்த ஓர் அடி வித்தியாசம் இங்கே கணக்குக்கு வருகிறது.

பைக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மண் பாதையில் ஓட்டும் பெரிய மோட்டார் சைக்கிள் ஏழு அடி இருக்கும், ஐந்தரை அடி பெட்டில் டெயில்கேட் திறந்துதான் போக வேண்டும், ஆறரை அடியில் மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால் மூடிவிடலாம். பெட்டில் மெத்தை போட்டு, மேலே கூடு மாட்டி, காட்டில் இரவு தங்குபவர்கள் உண்டு, ஆறடி மனிதர் காலை மடக்காமல் படுக்க ஆறரை அடி வேண்டும். கேப்புக்குப் பின்னால் குறுக்கே கருவிப்பெட்டி பொருத்தப் போகிறீர்களா? அது 20 இன்ச் வரை சாப்பிடும். 67 இன்ச் பெட்டில் மீதி 47, நான்கு அடிகூட இல்லை. கருவிப்பெட்டி நிச்சயம் என்றால் ஐந்தரை அடியை நினைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

எட்டு அடி எல்லாருக்கும் நல்லதா என்றால் இல்லை. இன்றைய டிரக்குகளின் பக்கச் சுவர் உயரம். எட்டு அடி பெட்டில் முன்மூலைக்கு நழுவிப்போன ஒரு பொருளை வெளியே நின்று எட்டி எடுக்க முடியாது, ஏறித்தான் ஆக வேண்டும். நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் முதுகுக்குத் தெரியும்.

அடுத்தது எடை. பெட் பெரிது என்றால் நிறைய ஏற்றலாம் என்று நினைப்பது இயல்பு, அது அப்படி இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான எண் அதில் இருக்கும். விளம்பரத்தில் வரும் பெரிய எண்ணை மறந்துவிடுங்கள், உங்கள் வண்டியின் எண் இதுதான். எஃப்-150 மாதிரி டிரக்குகளை அரை டன் டிரக் என்று சொல்வது பழைய வழக்கில் வந்த பெயர், அது தாங்கும் எடை அல்ல.

ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பத்தில் ஐந்து பேர், சராசரியாக 150 பவுண்டு என்றால் 750 போய்விட்டது. பின்னால் 5,000 பவுண்டு டிரெய்லர் மாட்டினால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அமரும், அதுவும் இந்த 1,500-க்குள்தான் அடக்கம். 500 முதல் 750. கடைசியில் கூலரும் கூடாரமும் வைக்க மிஞ்சுவது 250, சில நேரம் ஒன்றுமே இல்லை. பெரிய கேப், கண்ணாடிக் கூரை, தோல் சீட், நான்கு சக்கர இழுவை என்று வண்டியில் சேர்க்கும் ஒவ்வொன்றும் இந்த எண்ணைக் குறைக்கும். ஒரே எஞ்சினும் ஒரே பொருத்தங்களும் இருந்தால் ரெகுலர் கேப் எடை குறைவு, அதனால் அதிகம் சுமக்கும்.

பெட்டின் கொள்ளளவை இந்தக் கண்ணோடு பார்த்தால் இன்னொன்று புரியும். எஃப்-150-இன் ஐந்தரை அடி பெட் 52.8 கன அடி, ஏறத்தாழ இரண்டு கன யார்டு. தோட்டத்துக்குப் போடும் மரப்பட்டைத் தூளை மேல்மட்டம் வரை நிரப்பலாம், லேசான சரக்கு. ஜல்லி என்றால் ஒரே ஒரு கன யார்டே 2,500 பவுண்டுக்கு மேல். பெட்டில் பாதிதான் நிறைந்திருக்கும், எடை எப்போதோ தாண்டியிருக்கும். 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை இருபது போட்டாலே 1,600, பார்த்தால் பெட் காலியாகத் தெரியும். கனமான சரக்கைச் சுமப்பவருக்கு நீளமான பெட் தீர்வல்ல, கனரக டிரக்தான் தீர்வு. நீளமான பெட் நீளமான, அகலமான, லேசான பொருள்களுக்கு.

கடைசியாக மொத்த நீளம். டாலஸுக்கு வடக்கே குடியிருக்கும் என் நண்பர் க்ரூ கேப்பும் வேண்டும், ஆறரை அடி பெட்டும் வேண்டும் என்று வாங்கினார். நல்ல வண்டி, எல்லாம் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து கராஜில் விட்டார், முன் பம்பர் சுவரைத் தொட்டது, பின்னால் கதவு இறங்கவில்லை. கராஜின் ஆழம் 20 அடி, அதாவது 240 இன்ச். இந்தக் கேப்பும் பெட்டும் சேர்ந்த டிரக் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அதை ஒட்டியோ தாண்டியோதான் வரும், எஃப்-150-இல் 243.5 இன்ச், டன்ட்ராவில் 245.6. மூன்று, நான்கு இன்ச்சுக்காக அந்த வண்டி வெளியே நின்றது. வட டெக்ஸாஸில் வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழை எப்படி அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருடமே பானட்டும் கூரையும் குழி குழியாகிவிட்டன. அவர் வாங்கும் முன் என்னைக் கேட்டிருந்தும் நான் கராஜைப் பற்றிக் கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்தக் கட்டுரையை எழுதவே அதுதான் காரணம்.

அதனால் கராஜை அளக்கும்போது சுவரிலிருந்து மூடிய கதவு வரை அளந்து பாருங்கள், சுவரோரம் நிற்கும் வாட்டர் ஹீட்டர், அலமாரி, படிக்கட்டு எல்லாவற்றையும் கழியுங்கள், பிறகு ஆள் நடக்க ஓர் அடியாவது விடுங்கள். 231.7 இன்ச் வண்டிகூட 240 இன்ச் கராஜில் மிச்சம் வைப்பது எட்டே இன்ச்தான். டிரெய்லர் கொக்கியைப் பின்னால் மாட்டியே வைத்திருந்தால் அதுவும் இல்லை. கடைகளின் பார்க்கிங் கட்டம் சாதாரணமாக 18 அடி நீளம், எந்தப் பெரிய க்ரூ கேப்பும் கொஞ்சம் வெளியே நிற்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

நீளத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடினால் டிரெய்லர் இழுக்கும்போது வண்டி ஆடாமல் நிதானமாகப் போகும், நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடந்து போகும்போது அந்த வித்தியாசம் ஸ்டியரிங்கில் தெரியும். திருப்பம் மட்டும் அகலமாக எடுக்க வேண்டும், மேடுபள்ளமான காட்டுப் பாதையில் நடு வயிறு தரையில் உரசும் வாய்ப்பும் கூடும். பெட்டுக்குள் கொக்கி வைத்து மாட்டும் பெரிய கேம்பர், அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லர், இழுக்கப் போகிறவர்களுக்கு எட்டு அடி பெட்தான் நிம்மதி. குட்டை பெட்டில் இறுக்கமாகத் திரும்பும்போது கேம்பரின் முன்மூலை கேப்பின் பின் கண்ணாடியில் மோத வாய்ப்பு உண்டு, அதைத் தவிர்க்க நகரும் கொக்கி தனியாக வாங்க வேண்டும்.

இதெல்லாம் முழு அளவு டிரக்குகளுக்கு. நடுத்தர டிரக்குகளில் தேர்வு குறைவு. இப்போதைய ஃபோர்டு ரேஞ்சரும் செவ்ரலே கொலராடோவும் அமெரிக்காவில் பெரிய கேப்பும் ஐந்து அடியை ஒட்டிய பெட்டும் மட்டும்தான், டகோமாவிலும் ஃப்ரான்டியரிலும் ஐந்து அல்லது ஆறு அடி என்று தேர்ந்தெடுக்கலாம். இவற்றில் பல வண்டிகளின் சக்கர மேடுகளுக்கு நடுவே 48 இன்ச் இருக்காது, பிளைவுட் தட்டையாகப் படுக்காது, குறுக்கே இரண்டு மரச்சட்டம் வைத்து அதன் மேல்தான் அடுக்க வேண்டும். ஹோண்டா ரிட்ஜ்லைன் இதற்கு விதிவிலக்கு, அளவு சின்னதாக இருந்தும் நான்கு அடிப் பலகை மேடுகளுக்கு நடுவே இறங்கும். ஃபோர்டு மேவரிக் நாலரை அடி பெட்டும் 199.7 இன்ச் நீளமும் கொண்டது, நகரத்தில் குடியிருந்து அவ்வப்போது எதையாவது ஏற்றுபவருக்கு அதுவே நிறைய.

விலையையும் நினைவில் வையுங்கள். ரெகுலர் கேப் மலிவு, ஆனால் பெரும்பாலும் வேலைக்கான எளிய பொருத்தங்களோடுதான் கிடைக்கும், உயர்ந்த மாடல்கள் எல்லாம் பெரிய கேப்பில் மட்டும்தான். ராம் 1500 2019-இல் புதிதாக வந்தபோது ரெகுலர் கேப்பையே விட்டுவிட்டது. விற்கும்போது க்ரூ கேப், குட்டை பெட் வண்டிக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும். எட்டு அடி பெட் வண்டியைத் தேடி வருபவர் குறைவு, வந்தால் பேரம் அதிகம் பேசாமல் எடுத்துப்போவார்.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இது. பின்னால் நாள்தோறும் யாராவது உட்காருவார்கள் என்றால், அது ஒரே ஒரு பிள்ளையாக இருந்தாலும், க்ரூ கேப். அதில் பேரம் வேண்டாம். கராஜில் நிறுத்த வேண்டும் என்றால் அதோடு ஐந்தரை அடி பெட், பெரிய சாமான் என்றைக்கோ ஒரு நாள்தானே, அன்றைக்கு ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வெளியே நிறுத்த இடம் இருந்து, பைக்கோ சின்ன கேம்பரோ வைத்திருந்தால் ஆறரை அடி, நான் இப்போது ஓட்டுவது அதுதான். பின் சீட்டில் ஆளே ஏறாது, கருவிகள் மட்டும் என்றால் நீட்டிய கேப்போடு ஆறரை அடி. தொழில் நடத்துகிறவர், வீட்டில் வேறு கார் இருக்கிறது என்றால் ரெகுலர் கேப்போடு எட்டு அடி எடுங்கள். எஃப்-150-இல் அது 227.7 இன்ச்தான், ஐந்தரை அடி பெட் போட்ட க்ரூ கேப்பை விட நான்கு இன்ச் குட்டை என்பது கேட்கும் எல்லாருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

ஷோரூமுக்குப் போகும்போது இரண்டு பொருள்களை எடுத்துப் போங்கள், ஓர் அளவு நாடாவும் உங்கள் குழந்தையின் சீட்டும். சீட்டைப் பின்னால் மாட்டச் சொல்லி, அதற்கு முன்னால் இருக்கும் சீட்டில் வீட்டிலேயே உயரமானவர் உட்கார்ந்து பாருங்கள். டெயில்கேட்டை இறக்கி பெட்டின் தரையை நீங்களே அளந்து பாருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும் கதவு ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள், அன்று இரவு கராஜில் தரையில் சாக்பீஸால் வண்டியின் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, கதவை மூடிப் பாருங்கள். மூடினால் மறுநாள் போய்க் கையெழுத்துப் போடலாம்.